மச்சானைப் பிடிக்கப் பறந்த டிரோன்

பிள்ளைகளே, நான் புக்கிட் தெங்காவில் தொழிற்சாலை வேலை பார்ப்பவன். பழிவாங்கும் குணம் எனக்குக் கொஞ்சம் அதிகம்.

தீபாவளியன்று, வீடு நிறைய ஆள் இருக்கும்போது என் மனைவியின் அண்ணன், "மாப்ளைக்கு பாசார்லதான் மீன் மாட்டும் லா!" என்று சிரித்தார். அவர் மட்டும் வாரம் தவறாமல் தூண்டிலில் விரால் பிடிக்கிறாராம். அவரும் சந்தையில்தான் வாங்குகிறார் என்று எனக்குச் சந்தேகம். அதைப் படம் பிடித்து, அதே ஆள்களுக்குப் போட்டுக் காட்டவே டிரோன் வாங்கினேன்.

பைராம் தோட்டத்தில் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, மீன் பிடிக்க மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். செம்பனைக் காட்டில் யார் கேட்கப் போகிறார்கள் என்று, விதிகளைப் படிக்காமலே பறக்கவிட்டேன். டிரோன் மரங்களுக்கு அப்பால் மறைந்தது. திரையில் மோட்டார் தெரிந்ததும், படத்தில் அவர் முகம் விழட்டும் என்று தாழ இறக்கினேன். அவர் திடுக்கிட்டு அண்ணாந்தார். மோட்டார் கால்வாயில் சாய்ந்தது. பின்னாலிருந்து விழுந்தது என் மகள்! மாமாவோடு அவளும் கிளம்பியது எனக்குத் தெரியவே தெரியாது.

ஓடினேன். நல்ல வேளை, வெறும் சேறு. இருவருக்கும் கீறல்கூட இல்லை.

"கோவம்னா நேரா வந்து திட்டுங்க லா மாப்ள," என்றார் மச்சான். "மேலருந்து ஏன் பொம்மைய அனுப்புறீங்க?"

இப்போது விதிகளைப் படித்துவிட்டேன். டிரோனைக் கண்ணுக்கு மறைய விடுவதில்லை. ஆள்கள் தலைக்கு மேல் விடுவதில்லை. தோட்டமானாலும் அனுமதி கேட்கிறேன். பேட்டரி மகளிடம் இருக்கிறது. "யார் மேலயும் கோவம் இல்லையேப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் தருவாள்.

அந்த விரால் விஷயம் மட்டும் இன்னும் உறுத்துகிறது. அதை ஒருநாள் தூண்டிலோடு நேரில் போய்த்தான் தீர்த்துக்கொள்வேன்.