அடையாள அட்டையில் இருந்த சேவல்

சீன ஜோசியத்தை நம்பலாமா என்று என்னிடம் கேட்டால், கேட்டவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்றுதான் முதலில் பார்ப்பேன். ஆகிவிட்டது என்றால் தாராளமாக நம்பட்டும். ஆகவில்லை என்றால், எழுந்து போய் வேறு வேலையைப் பார் என்று விரட்டிவிடுவேன்.

நான் மூல நட்சத்திரம். பெண் மூலம் நிர்மூலம் என்று எவனோ சொல்லிவிட்டுப் போனான். முப்பது வயதுவரை, பல்லாவரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் மாமனாருக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். பஜ்ஜியைத் தின்றுவிட்டுத்தான் போனார்கள், அது வேறு விஷயம். இரண்டு தங்கைகளுக்கும் எனக்கு முன்னால் முடிந்தது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றாலே எனக்குப் பயம். துவைக்க வேண்டிய துணியையெல்லாம் பதினோரு மணிக்குள் துவைத்துவிட்டால் அப்புறம் செய்ய ஒன்றும் இருக்காது.

எண்பதுகளின் கடைசியில், தாம்பரம் சானடோரியத்தில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தேன். காலை ரயிலில் ஒருவர் பழக்கமானார். தாம்பரத்தில் ஒரு பள்ளியில் விஞ்ஞான ஆசிரியர், கிறிஸ்தவர். முதலில் பேப்பரைக் கடன் கொடுத்தார், பிறகு குடையை. ஒரு வருஷம் கழித்து, பல்லாவரத்தில் ரயில் கிளம்பி, மீனம்பாக்கத்தில் இறங்கப் போன விமானம் ஒன்று தலைக்கு மேல் இரைந்துகொண்டு போன நேரம் பார்த்து, என்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று கேட்டார். சத்தத்தில் பாதிதான் கேட்டது. அந்தப் பாதியே எனக்குப் போதுமாக இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

வீட்டில் மதத்தைச் சொல்லிக் குதிப்பார்கள், குதித்து ஓய்வார்கள். அது எனக்குத் தெரியும். நான் உள்ளுக்குள் போட்ட கணக்கு வேறு. அவருக்கு அப்பா இல்லை, சிறுவயதிலேயே இறந்துவிட்டார். என் மூலம் அங்கே போய் யாரையும் ஒன்றும் செய்ய முடியாது. ஜோசியத்தை நம்பாதவள் என்று சொல்லிக்கொண்டே இப்படிக் கணக்குப் போட்டேன்.

அப்போது எங்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சிங்கப்பூரிலிருந்து ஒரு சீன அம்மாள் வந்திருந்தார். சாப்பாட்டு இடைவேளையில் சிவப்பு அட்டை போட்ட ஒரு பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு பெண்களுக்குப் பலன் சொல்வார். பிறந்த வருஷத்துக்கு ஒரு மிருகம். எல்லோரும் கழுத்தில் தொங்கிய, பிறந்த தேதி போட்ட கம்பெனி அட்டையைக் கழற்றி நீட்டினோம். என்னுடையதைப் பார்த்துச் சேவல் என்றார்.

மறுநாள் ரயிலில் ஆசிரியரிடம் பிறந்த வருஷம் கேட்டேன்.

"இன்னாங்க, ஜாதகம் பாக்கப் போறீங்களா? என்னுது சர்ச் ரிஜிஸ்டர்ல கீது. ஒருத்தரும் மாத்த முடியாது" என்று சிரித்தபடி சொன்னார்.

அந்த அம்மாளிடம் தனியாகப் போய் அந்த வருஷத்தைச் சொன்னேன். முயல். அவர் விரலை மடக்கி எண்ணினார், முகம் சுருங்கியது. ஆறு வருஷ வித்தியாசம், நேருக்கு நேர் மோதும் மிருகங்கள், சேர்ந்தால் முயல் நிலைக்காது என்றார்.

நம்மூர் ஜோசியர் சொல்லியிருந்தால் தட்டிவிட்டிருப்பேன். ஆனால் இந்த அம்மாளுக்கு மூலமும் தெரியாது, என் வீடும் தெரியாது. பொய் சொல்லி அவருக்கு ஆகப்போவது என்ன? கடல் தாண்டி வந்த ஒருவரும் அதையே சொன்னால், நான் எங்கே போனாலும் ஒருவரைக் கொல்லத்தான் போகிறேன் என்று தோன்றியது. அன்றிரவு சாப்பிடவில்லை. ஆசிரியர் உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேண்டும் என்று நினைத்தேன்.

அவரையும் சானடோரியத்தில் இறங்கச் சொல்லி, பிளாட்பாரத்தில் வைத்து, கல்யாணம் முடியாது என்று சொன்னேன்.

"மதம்தான் காரணமா? சொல்லிடுங்க, தப்பா எடுத்துக்க மாட்டேன்."

விஞ்ஞானம் நடத்துகிறவரிடம், நீங்கள் முயல், நான் சேவல் என்று எப்படிச் சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆமாம் என்று தலையாட்டினேன்.

"உங்க வீட்லயா, உங்களுக்கா?"

"எனக்கே மனசு ஒப்பலை."

"சரிங்க" என்றார். மறுநாளிலிருந்து முந்தின ரயிலில் போக ஆரம்பித்தார்.

ஐந்தாறு மாதம் போயிருக்கும். அந்த அம்மாள் ஊர் திரும்பிவிட்டார். போகும்போது ஆளுக்கொரு மிருக அட்டவணை கொடுத்துவிட்டுப் போனார். ஒரு தரகருக்காக அம்மா பீரோவிலிருந்து என் ஜாதகத்தை எடுத்து வருஷத்தை உரக்கப் படித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பள்ளியில் சேர்க்கும்போது எனக்கு வயது போதவில்லை. கையைத் தலைக்கு மேலே வளைத்துக் காதைத் தொடச் சொன்னார்கள், தொட்டுவிட்டேன். தலைமையாசிரியர் வயதில் ஒரு வருஷத்தைக் கூட்டி, ஒரு வருஷம் முன்னால் பிறந்ததாக எழுதிச் சேர்த்துக்கொண்டார். ஊரில் பாதிப்பேருக்கு இப்படி இரண்டு பிறந்தநாள் உண்டு. ஆபீஸில் எப்போதும் எழுதும் அந்தப் பள்ளிக்கூடத் தேதியே கம்பெனி அட்டையிலும் இருந்தது.

நான் சேவல் இல்லை, நாய். அட்டவணையைத் தேடி எடுத்தேன். முயலுக்கு மிகவும் பொருத்தமான துணை நாய் என்று போட்டிருந்தது.

நான்கு நாள் முந்தின ரயிலுக்குப் போய் நின்றேன். ஐந்தாம் நாள், அவரோடு வேலை பார்த்த ஒருவர், அவர் நாகர்கோவில் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார். அங்கே கல்யாணமும் நிச்சயமாகிவிட்டதாம். சீன ஜோசியம் மெய் என்றால் நான் அவரைக் கட்டியிருக்க வேண்டும். பொய் என்றாலும் கட்டியிருக்க வேண்டும். இதைச் சொல்லி அழக்கூட எனக்கு ஆள் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருமுறை தாம்பரம் ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். மனைவியும் மகளும் கூட இருந்தார்கள். கொஞ்சம் தொப்பை, நல்ல ஆரோக்கியம். அவரே கிட்டே வந்து என்னை அறிமுகப்படுத்தினார்.

"இவங்க ரொம்ப பக்தி. வேற சாமி பேரைக்கூடக் காதால கேக்க மாட்டாங்க" என்று மனைவியிடம் சொன்னார். குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். அந்தப் பெண் கையிலிருந்த பைபிளை மரியாதையாகப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

அதெல்லாம் இல்லைங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படியானால் எதற்கு வேண்டாம் என்றாய் என்று அடுத்த கேள்வி வரும். அந்தப் பெண் முன்னால் அதற்கு என்ன பதில் சொல்வது?

"ஆமாங்க" என்றேன்.