ஹாவ் யுன்டிங்கின் நாக்கு

ஹாவ் யுன்டிங் சைக்கிள் தொழிற்சாலைச் சமையற்கூடத்தில் காலமெல்லாம் கரண்டி பிடித்தவர். எந்த வீட்டில் சாப்பிட்டாலும் உப்பில் குறை சொல்லாமல் எழுந்திருக்க மாட்டாராம். பக்கவாதம் அந்த நாக்கையே அடித்துப் போட்டது. பேச்சும் போயிற்று, விழுங்கவும் வரவில்லை. மூக்குக்குழாய் வழியாகத்தான் கஞ்சி இறங்கியது. தியான்ஜினில் எங்கள் வார்டில் அவரைக் கூலிக்குப் பார்த்துக்கொண்டவள் நான்.

மகன் ஹாவ் பெங் தினமும் சக்கர நாற்காலியில் வைத்து அக்குபங்சர் ஊசி அறைக்குத் தள்ளிப் போவான். டாக்டர் ஷாய் பிடரியில் நீள ஊசி ஏற்றித் திருகுவார், நாக்கடியில் குத்தி ரத்தம் எடுப்பார். என்ன பொறுப்பான பிள்ளை என்று வார்டே மெச்சியது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டைத் தன் பேருக்கு மாற்ற, அப்பா வாயால் சம்மதம் சொல்லவேண்டும் என்று நோட்டரி சொல்லிவிட்டார். அதற்குத்தான் இத்தனை அக்கறை. விழுங்குவது கிடக்கட்டும், பேச்சை முதலில் கொண்டுவாருங்கள் என்று அவன் டாக்டரிடம் கேட்டது என் காதிலேயே விழுந்தது.

பேச்சுதான் முதலில் வந்தது. ஒருநாள் நான் முதுகு துடைத்துக்கொண்டிருந்தபோது, என்னைவிட அத்தனை மூத்தவர், எந்த வயதுப் பெண்ணையும் அக்கா என்னும் தியான்ஜின் வழக்கப்படி கூப்பிட்டார்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. நான் பேசுறேன்னு தெரிஞ்சா ஊசியை நிறுத்திடுவான். ஒரு வாய் டோஃபு தின்னுக்கிறேன். அப்புறம் வீடு கிடையாதுடான்னு மூஞ்சிக்கு நேரா சொல்றேன்."

நான் மூச்சு விடவில்லை. மகன் வரும்போதெல்லாம் அவர் ஊமையாகவே கிடந்தார். அந்த நடிப்பைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன்.

வசந்தம் வந்தபோது தொண்டையும் அசைந்தது. குழைவாக ஏதாவது கொடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். மகன் வாசல் கடையிலிருந்து எள்ளுச் சாந்து ஊற்றிய டோஃபு வாங்கிவந்தான். முதல் வாய் புரையேறாமல் இறங்கியது. கிழவர் கண்ணை மூடிச் சப்புக்கொட்டினார்.

"உப்பு பத்தலை," என்றார்.

பாழாய்ப்போன நாக்கு. மகன் கோபப்படவில்லை. கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு நோட்டரிக்குப் போன் செய்தான். அவர் மாடியேறி வருவதற்குள் அப்பாவின் காதருகே குனிந்தான்.

"சம்மதம்னு ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா, மீதியை ஊட்டுறேன். இல்லேன்னா ஊசியும் வேண்டாம், டோஃபுவும் வேண்டாம். குழாயே போதும்."

கிழவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நோட்டரி வந்து கேட்டதும், "சம்மதம்," என்றார்.

உச்சரிப்பு நன்றாகத் தெளிந்துவிட்டது என்று நோட்டரி பாராட்டிவிட்டுப் போனார். ஆறிப்போன டோஃபுவை மகன் சொன்னபடியே கடைசி வாய்வரை ஊட்டினான். ஹாவ் யுன்டிங் உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.