அம்மாவுக்காக எடுத்த வீடியோ

ரொறன்ரோவில் இருப்பவனுக்கு ஸ்நோ என்பது தள்ளுகிற சாமான். காலையில் எழும்பிக் காரைக் கிண்டி எடுத்து, வாசலுக்கு உப்புப் போட்டுவிட்டு வேலைக்கு ஓடவேண்டும். அந்தச் சனியனைப் பார்ப்பதற்குக் காசு கொடுத்து விமானம் ஏறுகிற விசரன் நானாக இருப்பேன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

போகச் சொன்னது அம்மா. சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் நகரில் அக்காவோடு இருந்தார். ஊரைவிட்டு வெளிக்கிட்ட காலத்தில் அண்ணை சுவிஸில் போய் நின்றுவிட்டார், நான் கனடாவுக்கு வந்து சேர்ந்தேன். அதன்பிறகு கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும்தான் ஆளையாள் கண்டோம். ஒவ்வொரு மாரிக்குளிருக்கும் அண்ணை சிநேகிதர்களோடு அல்ப்ஸ் மலையில் ஒரு வீடு எடுத்து, நாலைந்து நாள் பனியில் சறுக்கி ஸ்கீ செய்யப் போவார். என்னையும் கூப்பிடுவார். நானும் ஏதாவது சாட்டுச் சொல்வேன்.

"அவன் கூப்பிட்டுக் களைச்சுப்போனான். ஒருக்காப் போட்டு வா," என்றார் அம்மா. "ரெண்டு பேரும் ஒண்டா நிக்கிறதை நான் பாக்கவேணும். வீடியோ எடுத்து அனுப்பு."

எனக்கு மனமில்லை. அம்மாவின் இதயமும் பலவீனமாகிவிட்டது என்று டொக்டர் சொல்லியிருந்தார். நான் இல்லாத நேரத்தில் ஏதும் நடந்தால் தாங்கமாட்டேன் என்று அக்காவிடம் சொன்னேன். என்னவென்றாலும் உடனே எனக்குப் போன் அடிக்கவேண்டும், மறைக்கக்கூடாது என்று சத்தியம் வாங்காத குறைதான். அக்கா ஓம் என்றார்.

மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். மலைவீட்டில் அண்ணி இடியப்ப உரலோடும் ரைஸ் குக்கரோடும் வந்து இறங்கியிருந்தார். அண்ணையின் சிநேகிதர் ஒருவரும் குடும்பத்தோடு வந்திருந்தார். வாய் ஓயாத மனிதர். கனடாக்காரருக்கு ஸ்நோவில் நிற்கத் தெரியாதோ என்று நான் விழுகிற ஒவ்வொரு தரமும் கேட்டுச் சிரித்தார். விழுந்தேன் என்று சொல்வதைவிட, இடையிடையே எழும்பினேன் என்பதுதான் சரி. சின்ன வயதில் சைக்கிள் பழக்கியது போலவே அண்ணை என் பின்னால் ஓடிவந்தார். பின்னேரம் வீடியோவை அனுப்பினால் அம்மா போனில் சிரிப்பார். உந்தத் தடியளைக் கழட்டிப்போட்டு நடந்து வா என்பார்.

மூன்றாம் நாள் மத்தியானம், மலையிலிருந்த சாப்பாட்டுக் கடையில் இருந்தோம். அண்ணையின் போன் அடித்தது. எழும்பி வெளியே போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவருடைய முதுகுதான் தெரிந்தது. சிறிது நேரத்தில் சிநேகிதரும் எழும்பிப் போனார். திரும்பி வந்தபோது அண்ணையின் கண் சிவந்திருந்தது. குளிர்காத்து என்றார். ஒரு தட்டு சிப்ஸ் வாங்கி என் முன்னால் வைத்து, நான் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா, இன்னொருக்கா ஏறுவம்," என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு ஸ்கீ வசப்பட்டது. பின்னேரம் முழுக்க அண்ணை கீழே நின்று படம் பிடித்தார். சிநேகிதர் ஒரு பகிடியும் விடவில்லை. ஆள் களைத்துப்போனார் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்த வீடியோவை அம்மாவுக்கு அனுப்பச் சொன்னேன். நேரில் காட்டுவம் என்றார் அண்ணை. பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டு, "அம்மாவுக்குக் கொஞ்சம் கடுமையாம். காலமை பிளைட்டில போவம். நானும் வாறன்," என்றார்.

எங்கள் ஆட்கள் வாயில் கடுமை என்றால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அதை அப்படியே நம்பினேன், நம்பவேண்டும் போல் இருந்தது. அக்கா போனை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குள் எடுக்க விடமாட்டார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். விமானத்தில் அம்மாவிடம் என்னென்ன சொல்லவேண்டும் என்று அண்ணைக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். தந்த சாப்பாட்டைத் தொடவேயில்லை.

ரொறன்ரோ விமான நிலையத்தில் அக்கா எங்களைக் கண்டதும் குழறி அழுதார். முந்தின நாள் விடியப்புறமே எல்லாம் முடிந்திருந்தது. எனக்குச் சொல்லப் பயந்து அண்ணைக்கு அடித்தாராம். இங்கே விடியப்புறம் என்றால் அங்கே மத்தியானம். அந்தச் சிப்ஸ் தட்டு என் கண்முன்னால் வந்தது. என் தோளில் இருந்த அண்ணையின் கையைத் தட்டிவிட்டேன்.

"என்ரை அம்மா செத்ததை எனக்கு மறைக்க நீங்கள் ஆர்?"

"அண்டைக்கு பிளைட் இல்லையடா. ஒரு பின்னேரமெண்டாலும் நீ சிரிக்கட்டும் எண்டு நினைச்சன்."

அதற்குப் பிறகு நான் அவரோடு கதைக்கவில்லை. அம்மா ஆசைப்பட்டபடி நாங்கள் ஒன்றாக நின்றோம், பெட்டியின் இரண்டு பக்கமும். அண்ணைக்கும் அவர் அம்மாதான் என்பது அந்தக் கோபத்தில் எனக்கு உறைக்கவேயில்லை. கிரியைகள் முடிந்து அண்ணை சுவிஸுக்குத் திரும்பிப் போனபோது கையை மட்டும் காட்டினேன்.

போய்ச் சில நாளில் அந்த வீடியோவை அனுப்பினார். ஒரு சொல்லும் எழுதவில்லை. நானும் திறக்கவில்லை. மாசி மாதத்தில் ஒருநாள் காலை ஸ்நோ தள்ளிவிட்டு, கார் சூடாகும்வரை உள்ளே இருந்தபோது ஏனோ திறந்தேன்.

சரிவில் கையை விரித்துக்கொண்டு வருகிறேன். "அம்மா, விழாமல் வாறன், பாருங்கோ" என்று கத்துகிறேன். வாயெல்லாம் பல். அந்த முகத்தைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது. நிறுத்தப் போனேன். அப்போது போனுக்குப் பக்கத்தில், நான் மலையில் கேட்டிராத அண்ணையின் குரல் மெல்லக் கேட்டது.

"அம்மா, தம்பி விழாமல் வாறான். நான் பாக்கிறன் அவனை. நீங்கள் போட்டு வாங்கோ."

நான் சிரித்துக்கொண்டு வந்த அந்த நேரத்தில், அவர் தனியாக நின்று அம்மாவை வழியனுப்பியிருக்கிறார். கண்ணைத் துடைத்துவிட்டு அண்ணைக்குப் போன் அடித்தேன்.