இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது

பட்டமளிப்பு விழாவுக்கு அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். படம் எடுத்துக்கொண்டோம். மண்டபத்துக்கு வெளியே பொட்டலச் சோறு சாப்பிட்டோம். பிறகு ஆளுக்கொரு திசையில் பிரிந்தோம். அண்ணிக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து அம்மா ஜொகூரில் அண்ணன் வீட்டோடு இருந்தார். அப்பா லாரி ஓட்டுகிறவர். தாய்லாந்து எல்லையிலிருந்து கிள்ளான் வரைக்கும் சரக்கு ஏற்றிப் போய்வருவார். நான் மட்டும் அங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டுக்குப் பஸ் ஏறினேன்.

எங்கள் வீடு, பழைய ரப்பர் தோட்டத்தை விற்றபோது ஆட்களுக்குக் கட்டிக்கொடுத்த மலிவு வீடுகளில் ஒன்று. வீட்டுக்குப் பின்னால் பால்மரம் இருந்த இடமெல்லாம் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. சாவியைப் போட்டுத் திறந்ததும் பூட்டிக் கிடந்த வீட்டின் வாடை முகத்தில் அடித்தது. ஜன்னல்களைத் திறந்தேன். தரையைத் துடைத்தேன். உயிரியல் தொழில்நுட்பத்தில் பட்டம் வாங்கியவள் சீக்கிரமே ஓர் ஆய்வகத்தில் வெள்ளைக் கோட்டுடன் நிற்பாள் என்று அப்போது நானும் நம்பினேன்.

காலையில் எழுந்ததும் கைப்பேசியில் வேலை தேடுவேன். விண்ணப்பம் அனுப்பிவிட்டு, பதில் வந்திருக்கிறதா என்று துணி காயப்போடும்போதும் பார்ப்பேன், சோறு வேகும்போதும் பார்ப்பேன். நேர்முகத்துக்குக் கூப்பிட்டவர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்டார்கள். சீனம் பேசத் தெரியுமா? தெரியாது என்றதும் முகத்தில் இருந்த சிரிப்பு மாறாமலே பேச்சு முடிந்துவிடும். தைப்பிங்கில் ஒரு கம்பெனிக்கு மோட்டார் சைக்கிளில் போனேன். ஊருக்குள் நுழையும்போது பிடித்த மழை, கம்பெனி வாசல் வரைக்கும் விடவில்லை. சொட்டச் சொட்ட நின்ற என்னைப் பார்த்து வரவேற்பறையில் இருந்த மலாய்க்காரப் பெண் உள்ளே போய் ஒரு துண்டு எடுத்து வந்தாள். நான் தலையைத் துவட்டி முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகுதான், வேலைக்கு நேற்றே ஆள் எடுத்துவிட்டார்கள் என்று சொன்னாள். துண்டை மடித்து அவள் கையில் கொடுத்து நன்றி சொன்னேன். அந்த ஈரத்துண்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் நின்றது நினைவிருக்கிறது.

எங்கள் குடியிருப்பில், அந்தத் தாமானில், யாரும் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. "இன்னும் வேல கெடைக்கலயாமா?" என்று பக்கத்து வீட்டு அக்கா அக்கறையோடுதான் கேட்பார். ஆனாலும் அவர் வாசல் கூட்டும் நேரம் பார்த்து நான் வெளியே போவதை நிறுத்திக்கொண்டேன். கல்விக் கடனைக் கட்ட வேண்டிய காலமும் வந்துவிட்டது. முதல் குறுஞ்செய்தியைப் பலமுறை படித்தேன். அடுத்தடுத்து வந்தவற்றைத் திறக்காமலே அழித்தேன்.

அந்த ஆண்டு முடிவதற்குள் ஈப்போவில் ஒரு வேலை கிடைத்தது. தவணை கட்டாதவர்களுக்குப் போன் அடித்து நினைவூட்டும் வேலை. கடன் கொடுத்த கம்பெனிகளுக்காக எங்கள் அலுவலகம் பேசும். சம்பளத்தைக் கேட்டேன், சரி என்றேன். பழைய டவுனில் திரைச்சீலைக் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்தேன். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் ஏர்கான் பெட்டிகள். வீட்டுக்காரச் சீன ஆண்ட்டி வாடகைக்கு மட்டும் மேலே வருவார்.

அலுவலகத்தில் தலையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்போம். எண்களைக் கணினியே சுழற்றும். எதிர்முனையில் ஆள் எடுத்த பிறகுதான் திரையில் பெயர் வரும். எழுதிக் கொடுத்ததைத்தான் பேச வேண்டும். முதலில் என் பெயர், பிறகு கம்பெனி, பிறகு இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்ற அறிவிப்பு. தொகையைச் சொல்லி, எப்போது கட்டுவீர்கள் என்று கேட்டு, கட்ட முடியாதென்றால் காரணத்தைக் கேட்டுக் கட்டத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். சிலர் ஏசுவார்கள். பலர் பேச்சின் நடுவிலேயே வைத்துவிடுவார்கள். ஒரு முதியவர் என் குரலைக் கேட்டதும் மகள் என்று நினைத்து, "எப்பமா வார?" என்று கேட்டார். இல்லை ஐயா, என்று சொல்லிவிட்டு அறிவிப்பைப் படித்தேன்.

நாள் முழுக்கப் பேசினேன். ஆனால் யாரோடும் பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சாப்பாட்டுக் கடையில் வழக்கம்போல விரலால் காட்டிக் கறி வாங்கிக்கொண்டு வந்து அறையில் உட்கார்ந்தபோதுதான், காலையிலிருந்து நான் வாயே திறக்கவில்லை என்பது உறைத்தது. என் பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். அறிவிப்பில் சொல்லும் அதே தொனியில்தான் வந்தது.

ஒரு நாள் காலையில் வழக்கம்போல ஓர் எண் சுழன்றது, எடுத்தார்கள், திரையில் பெயர் வந்தது. பல்கலைக்கழக விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவளின் பெயர். தகப்பன் பெயரும் அதேதான். எங்கள் வகுப்பில் முதலாவதாக வந்தவள். பினாங்கில் பெரிய தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்து, வெள்ளைக் கோட்டோடு படம் போட்டாள். பிறகு என் செய்திகளுக்குப் பதில் வருவது நின்றது. வசதி வந்துவிட்டது, இனி நம்மை நினைப்பாளா என்று நானும் விட்டுவிட்டேன்.

எழுதிக் கொடுத்த அறிவிப்பும் கேள்விகளும் மலாயில்தான். வாய் தானாக அறிவிப்பைச் சொல்லிவிட்டது.

"நீயாடீ?" என்றாள் தமிழில்.

தெரிந்தவர் என்றால் உடனே நிறுத்தி வேறு ஆளிடம் மாற்ற வேண்டும் என்பது விதி. மேற்பார்வை செய்யும் அக்கா எந்த அழைப்பையும் எந்த நேரத்திலும் கேட்கலாம். நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

"இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது, மிஸ்," என்று மலாயில் இரண்டாம் முறை சொன்னேன்.

அவள் எப்போதுமே சட்டென்று பிடித்துக்கொள்கிறவள். "சரி, சொல்லுங்கள்," என்றாள் அவளும் மலாயில், முன்பின் தெரியாதவரிடம் பேசுவதுபோல.

தொகையைச் சொன்னேன். எப்போது செலுத்த முடியும் என்று கேட்டேன்.

"இப்போதைக்கு முடியாது."

"காரணத்தைத் தெரிந்துகொள்ளலாமா, மிஸ்?"

அவள் நிதானமாகச் சொன்னாள். பினாங்கு வேலைக்குப் போய்வர கடனில் ஒரு சிறிய கார் வாங்கினாள். ஒரு வருஷத்திற்குள் தொழிற்சாலை மூடப்பட்டது. காடியை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள், மிச்சக் கடன் மட்டும் அவள் பெயரில் நிற்கிறது. இப்போது கோலா கங்சாரில் அம்மா வீட்டில் இருக்கிறாள். ரோட்டோரச் செடிக்கடை ஒன்றில் வேலை பார்க்கிறாள். எனக்கு எழுத நேரம் கொடுப்பதுபோல ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தினாள். அவ்வளவு காலம் எனக்கு எழுதாமல் இருந்த கடிதத்தை வாய்விட்டுப் படித்ததுபோல இருந்தது. நான் அதைக் காரணம் என்ற கட்டத்தில் தட்டச்சு செய்தேன்.

"நீங்கள் ரொம்ப நாளாக இந்த வேலையில் இருக்கிறீர்களா?" என்று கேட்டாள்.

அதற்கான பதில் என்னிடம் இருந்த தாளில் இல்லை. "கொஞ்ச காலமாக, மிஸ்."

"பிடித்திருக்கிறதா?"

"உங்கள் பதிலைக் குறித்துக்கொண்டேன், மிஸ். மீண்டும் தொடர்புகொள்வோம்."

அவள் வைத்துவிடுவாள் என்று காத்திருந்தேன். வைக்கவில்லை.

"பசியாறிட்டியா?" என்றாள், விடுதியில் காலை வகுப்புக்கு ஓடும்போது கேட்பதுபோல.

"இன்னும் இல்ல," என்றேன். இணைப்பு அறுந்தது.

எழுந்து போய் மேற்பார்வை அக்காவிடம் சொன்னேன்.

"தெரிஞ்சவங்களா?"

"ஒரே ரூம்ல இருந்தோம்க்கா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "சரி, பேர மாத்தி வுடுறேன். நீ போய் தண்ணி குடிச்சிட்டு வாலா. ஒன் லைன நிறுத்தி வைக்கிறேன்."

கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு, அது ஓடும் சத்தத்தில் நின்றேன். திரும்பி வந்து ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அடுத்த பெயருக்குப் பேசினேன்.

அந்த ஞாயிறு மோட்டாரை எடுத்துக்கொண்டு கோலா கங்சார் போனேன். திரையில் இருந்த முகவரி எனக்குத் தேவைப்படவில்லை. செடிக்கடை என்று அவளே சொல்லியிருந்தாள். ஊருக்குள் நுழையும் ரோட்டோரத்தில் இரண்டு செடிக்கடைகளில் விசாரித்துவிட்டு மூன்றாவதில் அவளைக் கண்டேன். முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு, குனிந்து கறுப்புப் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள்.

"வருவன்னு தெரியும்," என்றாள் நிமிராமலே. "மழ வரப்போவுது. மோட்டார உள்ள தள்ளு."

நானும் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு மண் அள்ளினேன். மழை தகரக் கூரையில் விழத் தொடங்கியதும் இருவரும் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தது.

"வேற ஒருத்தன் போன் அடிச்சான்டீ. பேர மாத்திக் குடுத்துட்டியா?"

"குடுக்கணும். ரூல்ஸ் அப்படி."

"தெரியும்லா. நீ கொஞ்சம் நல்லா பேசுன, அதான் சொல்றேன்."

"நான் மெசேஜ் போட்டா ஏன் பதில் போடல?"

"என்னத்த போடுறது? நீ ஆபீஸ் படம்லாம் போட்டிருந்த. ஈப்போல நல்லா இருக்கன்னு நெனச்சேன்."

"அது இந்த ஆபீஸ்தான்."

"எனக்கு எப்படித் தெரியும்?"

இருவரும் சிரித்தோம். சீக்கிரமே அடங்கிவிட்டது. கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு அவள் கேட்டாள்.

"நீ படிப்புக் கடன் கட்டுறியா?"

"இல்ல. மெசேஜ் வந்தா அழிச்சிடுவேன்."

"நானும் அப்படித்தான் இருந்தேன், காடிக் கடன் வர வரைக்கும்." ஒரு பையை நிரப்பி ஓரமாக வைத்தாள். "எல்லார்கிட்டயும் காரணம் கேக்குற. ஒன் காரணத்த யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

நான் அடுத்த பையை எடுத்து விரித்தேன். அவள் குத்திக்காட்டவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

மழை விட்டதும் கிளம்பினேன். "அடுத்த வாரம் வாரேன்," என்றேன்.

"வேணாம்டீ." அவள் என் மோட்டார் இருக்கையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். "கோவம்லாம் இல்ல. நீ வந்துட்டுப் போனா மனசு அந்த ஹாஸ்டல் ரூமுக்கே போயிரும். நான் இங்க இருந்து பழகணும். கொஞ்ச நாளைக்கு வராத."

சரி என்று தலையாட்டினேன். ஈப்போ வரைக்கும் ரோடு நனைந்திருந்தது. சுங்கை சிப்புட்டைத் தாண்டும்போது எங்கள் தாமானுக்குப் பிரியும் முனை வந்தது. அப்பா வீட்டில் இருக்கும் நாள் அல்ல. திரும்பாமல் நேரே போனேன்.

அடுத்த வாரம் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கல்விக் கடன் அலுவலகத்துக்குப் போனேன். முன்னால் உட்கார்ந்திருந்த மலாய் இளைஞர் என் வயதுதான் இருப்பார். என்ன வேலை, என்ன சம்பளம் என்று கேட்டார். சொன்னேன். வேலையில்லாமல் இருந்த மாதங்களைக் கேட்டார். அதையும் சொன்னேன். இடையிடையே அவர் 'ம்' கொட்டினார், அவ்வளவுதான். மாதத் தவணையை என் கைக்கு எட்டும் அளவுக்குக் குறைத்து ஏற்பாடு செய்து கொடுத்தார். வெளியே வந்தபோது வெயில் ஏறக்கூட இல்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அம்மாவுக்கு அடித்தேன். பின்னால் பிள்ளைகள் இரண்டும் அழுதுகொண்டிருந்தன. "அப்புறம் கூப்புடவாமா?" என்றார். பரவாயில்லைமா, சும்மாதான், என்றேன். எதிர்க் கடையில் ஒரு கோய்த்தியாவ் நூடுல்ஸ் சூப் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போய்ப் படுத்தேன்.

அதன் பிறகு, பட்டம் கேட்காத ஆய்வக உதவி வேலைகளுக்கும் விண்ணப்பித்தேன். தண்ணீரைப் பரிசோதிக்கும் ஒரு சின்ன ஆய்வகத்திலிருந்து அழைத்தார்கள். ஈப்போவுக்கு வெளியே தொழிற்பேட்டையில் இருந்தது. நேர்முகம் செய்த சீனப் பெண்மணி ஆங்கிலத்தில்தான் பேசினார். இப்போது என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். கடன்காரர்களுக்குப் போன் அடிக்கிறேன் என்றேன்.

"ஏசுவார்களா?"

"நிறைய."

"செம்பனை ஆலைகளில் கழிவுநீர் எடுக்கப் போனால் அங்கேயும் ஏசுவார்கள். பரவாயில்லையா?"

"பரவாயில்லை."

அவர் சிரித்தார். சீனம் தெரியுமா என்று கேட்கவே இல்லை.

கடைசி நாளில் மேற்பார்வை அக்கா என் ஹெட்செட்டை வாங்கி வைத்துக்கொண்டார். "போய்ட்டு வா. எங்க போனாலும் சாப்பாட்ட நேரத்துக்குச் சாப்புடு," என்றார். அவருக்கு என்னைப் பற்றி அவ்வளவு தெரிந்திருந்தது எனக்கு வியப்பாக இருந்தது.

இப்போது வாரத்தில் பாதி நாள் ஆய்வகத்தின் வேனை எடுத்துக்கொண்டு ஆலைகளுக்குப் போகிறேன். பல ஆலைகள், ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த இடங்களில்தான் நிற்கின்றன. கழிவுக் குட்டையின் கரையில் நின்று, நீளக் கழியில் கட்டிய குவளையால் நீரை அள்ளிப் புட்டிகளில் ஊற்றி, ஐஸ் பெட்டியில் அடுக்குவேன். நாற்றம் உடுப்பில் தங்கிவிடும். காவல்காரரைத் தவிர ஆள் இருக்க மாட்டார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆய்வகத்தில் எல்லோரும் கண்டனீஸ் சீனத்தில் பேசிச் சிரிப்பார்கள். எனக்கு ஒன்றிரண்டு சொற்கள்தான் பிடிபடும். ஆனால் எனக்கும் ஒரு நாற்காலி போட்டுவிடுகிறார்கள். கோலா கங்சாரிலிருந்து இதுவரை செய்தி எதுவும் வரவில்லை. நானும் அனுப்பவில்லை.

போன சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். அப்பா அன்று காலையில்தான் எல்லையிலிருந்து வந்திருந்தார். மத்தியானத்துக்கு மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"தண்ணில என்னாதாமா பாக்குற?"

"அதுல எவ்வளவு அழுக்கு இருக்குன்னு பாக்குறதுப்பா. ஆத்துக்குள்ள வுடலாமா வேணாமான்னு."

"எப்படித் தெரியும்?"

புட்டியில் எடுத்து வருவது, அதை இருட்டில் வைத்திருப்பது, நீரில் இருக்கும் நுண்ணுயிர்கள் பிராணவாயுவை எவ்வளவு தின்கின்றன என்று அளப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். நான் படித்ததைப் பற்றி அவர் கேட்டதும் நான் சொன்னதும் அன்றுதான் முதல்முறை. பாதியில் பார்த்தபோது அவர் நாற்காலியில் சாய்ந்தபடி தூங்கிப்போயிருந்தார். கையில் சோறு காய்ந்திருந்தது. இரவெல்லாம் லாரி ஓட்டி வந்தவர். மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன்.