அம்மனிடம் சொன்ன கடற்பயணம்

மெல்பேர்னில் இருக்கும் மகள் ஊருக்கு வருவதற்கு முன்பே தொலைபேசியில் சொல்லிவிட்டாள்.

"அம்மா, இந்த முறை ஒரு நாள் நாம ரெண்டு பேரும் மட்டும். கல்குடாவுக்குப் போய் படகு எடுப்பம். ஆழக்கடலில திமிங்கிலம் பாத்துட்டு, வரக்குள்ள ஆமையோட நீந்திட்டு வருவம்."

எனக்கு அறுபது கடந்துவிட்டது. கடல் ஒரு பக்கம், வாவி ஒரு பக்கம் என்று இருக்கிற ஊரில் பிறந்து, அங்கேயே படிப்பித்து, அங்கேயே ஓய்வும் பெற்றவள் நான். ஆனாலும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. என்னைக் கண்டால் ஆமைதான் பயப்பட வேண்டும். இருந்தும் "ஓம்" என்று சொன்னேன். திமிங்கிலத்துக்காக இல்லை. 'நாம ரெண்டு பேரும் மட்டும்' என்றாளே, அதற்காக.

போன முறை அவள் வந்தபோது நடந்தது இன்னும் என் முதுகில் வலிக்கிறது. வெளிநாட்டுப் பிள்ளை வந்திருக்கிறது என்றால் எங்கள் ஊரில் யாரும் வீட்டில் இருப்பதில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அவளோடு விறாந்தையில் இருந்தார்கள். நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றினேன், பலகாரம் பொரித்தேன், கோப்பை கழுவினேன், மறுபடியும் தேத்தண்ணி ஊற்றினேன். வந்தவர்கள் போக, அவள் ஊரெல்லாம் விருந்துக்குப் போனாள். விமான நிலையத்தில் கட்டிப்பிடித்தபோதுதான் பிள்ளை இளைத்துப்போயிருக்கிறாள் என்று என் கைக்குத் தெரிந்தது. அதற்குள் அவளுடைய வரிசை நகர்ந்துவிட்டது.

அங்கே அவள் ஆஸ்பத்திரியில் தாதி. தனியாக இருக்கிறாள். தொலைபேசியில் எப்போது கேட்டாலும் "நல்லா இரிக்கன் அம்மா" என்பாள். எல்லோரும் சொல்லும் பதில். நீ அங்கே சந்தோசமாக இருக்கிறாயா என்ற கேள்வியை நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்து, அவளுடைய முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். அதற்கு ஒரு முழு நாள் வேண்டும். நடுக்கடலில் தேத்தண்ணி கேட்டு ஒருவரும் வரமாட்டார்கள். என்னுடைய திட்டம் அவ்வளவுதான்.

ஆனால் ஒரு நாளைக் குறிப்பதென்பது கல்யாணத்துக்கு நாள் பார்ப்பதைவிடப் பாடாகப் போய்விட்டது. எங்களைப் படகில் கூட்டிப்போக இருந்த வழிகாட்டி கல்குடாப் பக்கத்து ஆள். தொலைபேசியில் பணிவாகத்தான் பேசினார்.

"அன்ரி, ஞாயிற்றுக்கிழமை நான் சேர்ச்சுக்குப் பூசைக்குப் போகணும். வெள்ளிக்கிழமை எஞ்சின்காரருக்கு ஜும்மா. மத்த நாளில காத்துப் பாத்துத்தான் சொல்லுவன்."

"திமிங்கிலத்துக்குக் கிட்ட இறங்கி நீந்தலாமோ எண்டு மகள் கேக்கிறா."

"அது ஒண்ணா அன்ரி. செய்யக் கூடாது எண்டு சட்டம் இரிக்கி. திமிங்கிலத்தைப் படகில இருந்து பாக்கலாம். மறுகா திரும்பி வரக்குள்ள கரைக்குக் கிட்ட பவளப் பார்ப் பக்கம் இறங்கினா பேராமை வரும். அதோட நீந்தலாம்."

நீந்தத் தெரியாதே என்றேன். மிதக்கும் ஜாக்கெற் போட்டு, வளையத்தைப் பிடித்துக்கொண்டு, முகத்தை மட்டும் தண்ணீரில் வைத்தால் போதும் என்றார். சொல்வது லேசு.

எங்கள் பக்கத்திலும் ஒரு தடை இருந்தது. மகள் வந்திறங்கியது வைகாசியில், அம்மன் கோயில் சடங்குக்கு முதல் நாள். கோயில் கதவு திறந்து சடங்கு தொடங்கினால் எங்கள் ஊரில் சட்டியில் மீன் ஏறாது, கடலுக்கும் ஒருவர் போகமாட்டார். கடைசி நாள் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தி பாடி, கதவு அடைத்த பிறகுதான் தோணிகள் இறங்கும். ஆகவே சடங்கு முடிந்து வருகிற புதன்கிழமை என்று முடிவாயிற்று. அதற்கு இரண்டு நாள் கழித்து அவள் திரும்பிப் போகிறாள். அந்த ஒரு நாளை விட்டால் வேறு நாள் கிடையாது.

யாருக்கும் சொல்வதில்லை என்று இருவரும் பேசிக்கொண்டோம். மட்டக்களப்புக்கு வங்கி அலுவலாகப் போகிறோம் என்று சொல்வதாக ஏற்பாடு. மகள் எனக்கென்று ஒரு முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் கொண்டுவந்திருந்தாள். கதவைச் சாத்திவிட்டுக் கிணற்றடியில் பெரிய பேசினில் தண்ணீர் நிறைத்துப் பழக்கினாள். முதல் முறை குழாயைக் கடித்ததில் கட்டுப்பல் கழன்று பேசினுக்குள் விழுந்தது. அவள் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்து, மூக்கால் தண்ணீர் ஏறி, இருமி முடிக்கக் கண் சிவந்துவிட்டது. பல்லைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி குனிந்தேன். மூக்கை மறந்து வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, பேசினின் அடியில் என்னுடைய சொந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்கள் பெரிதாக, கிழடாகத் தெரிந்தன. பரவாயில்லை, ஆமைக்கு வயது தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு ஆசை வந்துவிட்டது.

அந்த ஆசைதான் காரியத்தைக் கெடுத்தது. ஆசை வந்தவுடன் பயமும் வந்தது. பயம் வந்தால் எங்கள் ஊர்ப் பெண் எங்கே போவாள்? சடங்குக்கு மடைப்பெட்டி கொண்டுபோனேன். அரிசி, தேங்காய், வெற்றிலை, பூ எல்லாம் அடுக்கி வெள்ளைத் துணியால் மூடி, கூட்டத்தில் நின்று கப்புகனாரின் கையில் கொடுத்தேன். அம்மனுக்குப் பூசை செய்கிறவர் அவர். வயதானவர், காது மந்தம். மடைப்பெட்டி கொடுக்கிறவரின் காரியத்தைக் கேட்டு, அதை அம்மனுக்கு எடுத்துச் சொல்வது எங்கள் கோயில் வழக்கம்.

"என்ன காரியம் புள்ள?" என்றார்.

"ஒரு பயணம்" என்று மெதுவாகச் சொன்னேன்.

"என்ன?"

"பயணம். மகளோட."

"எங்க?"

அம்மன் முன்னால் நின்று வங்கி என்று பொய் சொல்ல என் நாக்கு வளையவில்லை. "கடலுக்கு" என்றேன்.

அவர் அம்மனின் பக்கம் திரும்பி, அம்மனுக்கும் காது மந்தம் என்பதுபோலக் கூவினார். "தாயே, உன்ட புள்ள மகளையும் கூட்டிக்கிட்டு வாற புதன்கிழமை கடலுக்குப் போறாவாம். திமிங்கிலம் பாத்து ஆமையோட நீந்தப் போறாவாம். கூட நிண்டு காப்பாத்திக் கொண்டு வா தாயே."

புதன்கிழமையும் திமிங்கிலமும் ஆமையும் என் வாயிலிருந்து எப்போது வந்தன என்று எனக்கே நினைவில்லை. கேட்கக் கேட்கச் சொல்லியிருப்பேன். ஊருக்கெல்லாம் மறைத்ததை அம்மனிடம் மறைக்க முடியவில்லை. அம்மனிடம் சொன்னால் ஊரிடம் சொன்ன மாதிரி என்பது அந்த நேரத்தில் புத்திக்கு எட்டவில்லை. திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் மடைப்பெட்டியோடு நின்றது மச்சாள், என் கணவரின் அக்கா.

மச்சாளைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். என் கணவர் மோசம்போய் நான் தனித்தபோது என் வீட்டில் வந்து நின்று, எனக்குச் சோறு ஊட்டி, தலை சீவி விட்டவ. அன்றிலிருந்து அவ கேட்டு நான் முடியாது என்று சொன்னது இல்லை. சொல்ல வாய் வருவதும் இல்லை.

"நமக்குச் சொல்லாம ரெண்டு பேரும் கடலுக்கோ?" என்றா. கோபம் இல்லை, அதைவிடப் பொல்லாத கவலை. "என்ட பேரப் புள்ளைகளும் திமிங்கிலத்தை எங்க கண்டதுகள். மகளுக்கும் மருமகனுக்கும் லீவு போடச் சொல்றன். செலவை நாங்க பாத்துக்கிறம். நீ யோசிக்காத."

"ஓம் மச்சாள்" என்றேன். வேறு என்ன சொல்ல?

வீட்டுக்கு வந்து விரலை மடித்துப் பார்த்தேன். மச்சாள், அவவின் மகள், மருமகன், இரண்டு பேரப்பிள்ளைகள், என் மகள். வழிகாட்டியை அழைத்தேன்.

"ஆறு பேர்தான் அன்ரி. ஜாக்கெற்றும் ஆறுதான் இரிக்கி. கூட ஏத்தினா கரச்சல்."

ஆறு பேர் சரியாக இருந்தார்கள். ஏழாவது ஆள் நான். மகளிடம் சொன்னேன், எனக்குக் கடல் பயம், நீ அவர்களோடு போய்வா, நான் கரையில் சாப்பாட்டோடு இருக்கிறேன் என்று. அவள் என்னைப் பார்த்தாள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த இரண்டு முகக்கண்ணாடிகளையும் எடுத்துப் பையில் வைத்தாள். எனக்கு அழுகை வந்தது. குசினிக்குப் போய் வெங்காயம் உரித்தேன்.

புதன்கிழமை விடியும் முன்னமே எழும்பி இடியப்பம் அவித்து, சம்பல் இடித்து, மீன் பொரித்து, சோறும் கறியும் வேறாகக் கட்டினேன். முதல் நாளும் அதற்கு முதல் நாளும் சடங்கு வேலை. கால் இரண்டும் மரக்கட்டை. வேனில் நான் பின் இருக்கையில், சட்டிகளுக்கு நடுவில். காத்தான்குடி தாண்டுவதற்குள் மச்சாளின் சின்னப் பேத்தி வாந்தி எடுத்தாள். துடைத்தது நான்.

கல்குடாவில் கடல் தட்டையாக, எண்ணெய் பூசிய மாதிரிக் கிடந்தது. நல்ல நாள் என்றார் வழிகாட்டி. எல்லோருக்கும் ஜாக்கெற் போட்டு இறுக்கிவிட்டார். மச்சாள் சேலைக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு பிள்ளைகளோடு படம் எடுத்தா. மகள் கடைசியாக ஏறினாள். எஞ்சினைத் தட்டினார்கள். நான் கையைத் தூக்கிக் காட்டினேன். அவள் காட்டவில்லை.

படகு நகர்ந்த பிறகு அவள் ஜாக்கெற்றைக் கழற்றி இருக்கையில் வைத்துவிட்டு, முழங்கால் தண்ணீரில் குதித்தாள்.

"ஏன் புள்ள இறங்கிற?" என்று மச்சாள் கேட்டது எனக்குக் கேட்டது.

"எனக்குத் தலை சுத்துது மாமி. நீங்க போயிட்டு வாங்க."

மெல்பேர்னில் நடுக்கடலில் பாய்ந்து நீந்திப் பழகியவளுக்குக் கரையில் தலை சுற்றியதாம். உடுப்பு நனைய நடந்து வந்து என் பக்கத்தில் மணலில் இருந்தாள். படகு சின்னதாகி, சத்தம் அடங்கி, கடற்கரையில் நாங்கள் இரண்டு பேரும் மட்டும் என்றானது.

"சாப்பிடுவம்" என்றாள். இடியப்பம் சாப்பிட்டோம். தென்னை நிழலில் பாய் விரித்தாள். இந்தக் கரையில் வெகு தூரம் இடுப்பளவு தண்ணீர்தான், கொஞ்சம் கழித்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இறங்குவோம், சின்ன மீனாவது பார்க்கலாம் என்றாள். நான் கட்டுப்பல்லைக் கழற்றித் துணியில் சுற்றி, கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டேன். கேள்வியும் வாய்வரைக்கும் வந்துவிட்டது. அவசரம் இல்லை, முழு நாள் இருக்கிறதே என்று நினைத்தேன்.

"கொஞ்சம் முதுகைச் சாய்ச்சிட்டு எழும்புறன் மகள்."

எஞ்சின் சத்தத்தில் கண் விழித்தேன். நிழல் எங்களைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருந்தது. என் முகத்துக்கு மேல் அவளுடைய துவாய்த்துண்டு குடை மாதிரி விரிந்திருந்தது. அதை அவள் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். படகு கரைக்கு வந்துகொண்டிருந்தது.

"எழுப்பியிருக்கலாமே" என்றேன். எனக்கு என்மேலேயே ஆத்திரம். இத்தனை பாடுபட்டுக் கிடைத்த நாளை வாயைத் திறந்துகொண்டு தூங்கித் தொலைத்தேனே.

"நீங்க நித்திர கொண்டு நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றாள். "சின்னப் புள்ளையில இருந்து பாத்திரிக்கன், நான் எழும்பக்குள்ள நீங்க எழும்பிட்டிங்க, நான் படுக்கக்குள்ள நீங்க படுக்கல்ல." பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நானும் அங்க இப்பிடித்தான் அம்மா. வேலை முடிஞ்சி வந்து கதிரையில குந்தினா, சப்பாத்துக் கழட்ட முன்னம் நித்திர. சாப்பாடும் இல்ல. எழுப்பவும் ஆள் இல்ல."

கேட்க வந்த கேள்வியை நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

அவர்கள் இறங்கி வந்தார்கள். திமிங்கிலத்தின் முதுகு கண்டார்களாம், வால் கண்டார்களாம், பேராமை ஒன்று மருமகனின் காலடியால் போனதாம். நான் சோறு போட்டேன். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எனக்கு அந்தத் திமிங்கிலத்தின் மேல் பொறாமைகூட வரவில்லை, அவ்வளவு களைப்பு.

திரும்பும்போது மகள் பின் இருக்கைக்கு வந்து, சட்டிகளை ஒதுக்கிவிட்டு என் பக்கத்தில் இருந்தாள். ஏறாவூர் வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வாய் திறந்திருந்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பு. தோள் மரத்துப்போனது, ஆனால் நான் அசையவில்லை. வேன் குலுங்கும்போதெல்லாம் அவளுடைய தலையைக் கையால் பிடித்துக்கொண்டேன்.

கல்லடிப் பாலத்தில் ஏறும்போது மச்சாள் முன்னால் இருந்து திரும்பினா. கையில் தொலைபேசி. திமிங்கிலம் மூச்சு விடுகிற வீடியோ ஓடிக்கொண்டிருந்தது, சத்தத்தோடு.

"இஞ்ச பாருகா, வாலைத் தூக்கிற இடம் வருது. மகளையும் எழுப்பு, அவளும் பாக்கட்டும்."

"ஒண்ணா மச்சாள்" என்றேன். "சத்தத்தைக் குறைங்க. புள்ள நித்திர."

மச்சாள் என் தோளில் கிடந்த தலையைப் பார்த்தா. பிறகு தொலைபேசியை அணைத்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டா.