படகுக்கு ஒரு குடம்

ராஜம்மாவுக்கு வந்திருப்பது சர்க்கரை இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். பொன்னேரி ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதில், உடம்பில் தண்ணீரைத் தங்க வைக்கிற சுரப்பு நின்றுபோனது. எவ்வளவு குடித்தாலும் குடித்ததெல்லாம் அப்படியே வெளியே போய்விடும். வேளை தவறாமல் மாத்திரை போட்டால் மற்ற பெண்களைப்போல இருப்பாள். தவறினால் தொண்டை காய்ந்து உயிர் போகும். ஆனால் சுண்ணாம்புக்குளம் பக்கத்துச் சனத்துக்கு, அடிக்கடி ஒதுங்குகிறவள் என்றால் சர்க்கரைக்காரிதான்.

இறால் தடவுகிற வேலை அவளுக்கு. எல்லப்பன் படகில் பெண்கள் கடலோடு கலந்த உப்பேரியின் நடுவிலுள்ள திட்டுக்குப் போவார்கள். கழுத்துவரை நீரில் குந்தி, சேற்றைக் கையால் தடவி, அகப்பட்ட இறாலைப் பல்லில் கவ்வியிருக்கிற ஓலைப் பறியில் போடவேண்டும். ஒதுங்குவதற்கு ஏரியே இருக்கிறது, அதில் யாருக்கும் வம்பில்லை. குடிதண்ணீர்தான் சிக்கல். படகுக்கு ஒரு குடம், எல்லோருக்கும் பொது. தனியாகக் கேன் தூக்கிக்கொண்டு ஏறினால் நோயாளி என்று இறக்கிவிடுவார்களோ என்று பயந்து, மாத்திரையை நம்பியே அவள் ஏறுவாள்.

அன்று செய்தது பைத்தியக்காரத்தனம். அட்டையோடு கொண்டுபோனால் நாலு பேர் கேள்வி கேட்பார்கள் என்று மதிய மாத்திரையைப் பிரித்தெடுத்து, சில்லறை முடிகிற பழக்கத்தில் முந்தானையில் முடிந்துகொண்டு நீரில் இறங்கிவிட்டாள். மதியம் முடிச்சை அவிழ்த்தால் வெறும் ஈரத்துணிதான் இருந்தது.

வெயில் ஏற ஏற நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. படகுக்கு வந்து குடித்தாள். திரும்பத் திரும்ப வந்து குடித்தாள். சுற்றிலும் கண்ணுக்கெட்டியவரை தண்ணீர், அத்தனையும் உப்பு. சாயங்கால ஓதத்தில் ஏரி நீர் உயராமல் படகு திட்டைவிட்டு நகராது. அவளுக்கு அழுகை வந்தது.

"இன்னாடி இப்டி குடிக்கிற? சக்கரைக்கு இவ்ளோ தண்ணி ஆவாது" என்றாள் வேலம்மா. குடத்துக்கு அவள்தான் பொறுப்பு.

"சக்கரை இல்லக்கா. மாத்திரை கரைஞ்சி பூட்ச்சி. தண்ணி இல்லன்னா மயங்கி வுழுந்துடுவேன்."

வேலம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். கண்கள் உள்ளே போயிருந்தன. "குட்ச்சிக்கோ" என்று குடத்தையே நகர்த்தி வைத்தாள். மற்றவர்கள் வறண்ட உதட்டோடு வேலை செய்தார்கள். கரை சேரும்வரை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் ராஜம்மாவுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் வெட்கத்தை விட்டு, தண்ணீர்க் கேனோடு துறைக்குப் போனாள். படகு வழக்கமான நேரத்துக்கு முன்னமே கிளம்பிப் போயிருந்தது.

சாயங்காலம் வேலம்மா இறாலோடு வாசலில் வந்து நின்றாள். "இந்தா, உன் பங்கு. முடியாதவங்களுக்கு எடுத்து வெக்கிறது நம்ம வழக்கந்தான? டெய்லி வந்துடும். நீ ஊட்லயே இரு."

"நான் வரேன்க்கா. என் தண்ணிய நானே எடுத்தாறேன்."

"நடு ஏரியில உனக்கு எதுனா ஆச்சின்னா யாரும்மா பதில் சொல்றது?" அந்தக் குரலில் அதட்டல் துளிகூட இல்லை.

திட்டியிருந்தால் ராஜம்மா சண்டை போட்டிருப்பாள். அதற்கும் வழியில்லாமல், இரண்டு கையாலும் இறாலை வாங்கிக்கொண்டாள்.