தட்டில் ஏறாத ஐந்தாம் சரணம்

என் அப்பா அந்தக் கிராமபோன் தட்டில் அவசரப்படுகிறார். கேட்கிறவர்களுக்கு அது தெரியாது. "என்ன கம்பீரமான குரல்" என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். பாட்டைக் கட்டியவரே பாடியிருக்கிறார், இதைவிடச் சரியாக வேறு யார் பாட முடியும் என்று எனக்கே விளக்கம் சொன்ன ஆட்களும் உண்டு. வாய்வரை வரும், அடக்கிக்கொள்வேன். அப்பா தன் வாழ்நாளில் ஒரு தடவைகூட அந்தப் பாட்டை அப்படிப் பாடியதில்லை. இரண்டாம் சரணம் முடிந்ததும் நிற்பார். மூச்சு வாங்குவார், வெற்றிலைச் சாற்றை விழுங்குவார், கடலை ஒரு தரம் பார்ப்பார். அதன்பிறகுதான் மூன்றாவது. தட்டில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. பின்னால் ஆள் துரத்துகிற மாதிரி மூன்றாவதில் போய் விழுகிறார். துரத்தியது நான்தான்.

வெள்ளைக்காரன் ஆட்சி முடியப் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும்போது நடந்தது. இலங்கையின் மேற்குக் கரையில், கற்பிட்டிக்குத் தெற்கே, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் உப்புநீர்க் களப்புமாகக் கிடக்கிற மணலில் எங்கள் ஊர். வேதக்காரச் சனம், எல்லாரும் கத்தோலிக்கர், மீன்தான் பிழைப்பு. அப்பா கரைவலைக்கு முன்பாட்டுக்காரர். அவர் ஓர் அடி பாடுவார், வலை இழுக்கிறவர்கள் அதைத் திருப்பிப் பாடி இழுப்பார்கள். பாட்டுக் கட்டுவது அவருக்குத் தும்மல் மாதிரி, வந்தால் நிற்காது. கோயில் திருநாளுக்கு ஒன்று, கலியாணத்துக்கு ஒன்று, வேலிச் சண்டைக்கு வந்தவனைக் கிண்டலடித்து ஒன்று. அவன் அதற்குப் பிறகு ஒரு மாதம் வெளியே தலை காட்டவில்லை.

தட்டுக்குச் சில வருஷம் முந்தி, ஒரு கச்சான் காற்றுக் காலத் தொடக்கத்தில் நாலு பேர் போன வள்ளம் திரும்பவில்லை. மூன்றாம் நாள் ஒரு பலகை கரை ஒதுங்கியது. ஆட்கள் ஒதுங்கவில்லை. உடம்பு இல்லாதவர்களுக்கு, ஊர்க் கல்லறைத் தோட்டமான சேமக்காலையில் எதைப் புதைப்பது? வேலியோரப் பூவரசின் கீழே ஒரு துண்டு மணலை மட்டும் துப்புரவாக்கி விட்டார்கள். அந்த நாலு பேருக்காக அப்பா ஐந்து சரணத்தில் பாட்டுக் கட்டினார். முதல் நாலும் கடல், காற்று, காத்திருக்கிற பெண்கள். ஐந்தாவது முழுக்க அவர்களுடைய பெயர்கள்.

ஒவ்வொரு வருஷமும் ஆத்துமாக்கள் திருநாளில், பூசை முடிந்து ஊரே சேமக்காலைக்குப் போகும். அவரவர் கல்லறையில் அவரவர் மெழுகுதிரி கொளுத்துவார்கள். கல்லறை இல்லாத அந்த நாலு வீட்டாரும் பூவரசின் கீழே கொளுத்தாத மெழுகுதிரியோடு நிற்பார்கள். அப்பா பாடுவார். ஐந்தாம் சரணத்தில் எந்தப் பெயர் வருகிறதோ அந்த வீட்டார் அப்போது கொளுத்தி மணலில் ஊன்றுவார்கள். இது யாரும் சொல்லி வைத்ததல்ல, தானாக வந்த வழக்கம். கடைசிப் பெயர் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளியிருந்த மாமியின் மகனுடையது. அவள் கருவாடு போட்டு விற்று வளர்த்த ஒரே பிள்ளை, பத்தொன்பது வயது. பாட்டே அவனுடைய பெயரில்தான் முடியும். அப்பா அதை நீட்டி, இறக்கி, மெல்ல விடுவார். மாமிக்கு மகனின் கல்லறை அந்த நீட்டல்தான். அந்தப் பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. அவர்கள் வீட்டார் இன்னும் இருக்கிறார்கள்.

கற்பிட்டியில் கொப்பறா வியாபாரம் செய்த முஸ்லிம் முதலாளி ஒருவரிடம் கிராமபோன் பெட்டி இருந்தது. பாட்டென்றால் அந்த மனுசனுக்கு உயிர். அப்பாவை அண்ணாவி, பாட்டு வாத்தியார், என்றுதான் கூப்பிடுவார். கொழும்பில் தட்டுப் போடுகிற கம்பெனிக்காரன் ஒருவன் அவருக்குப் பழக்கம். "நம்மட அண்ணாவியிட கொரல கொழும்பு கேக்கணும்" என்று அவரே எழுதிப்போட்டுப் பதிலும் வாங்கிவிட்டார். ஒரு பக்கத்தில் மாதா பாட்டு இருக்க வேண்டும், திருநாள்களுக்கு விற்கும். மறுபக்கத்துக்கு இந்தப் பாட்டு. ஆனால் மூன்று நிமிஷம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். அதற்கு மேல் தட்டில் இடம் இல்லை.

முதலாளியின் சட்டைப்பை மணிக்கூட்டை இரவல் வாங்கி வந்து முற்றத்தில் உட்கார்ந்தோம். எனக்கு அப்போது இருபது வயது. கோயில் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். உலகத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு. அப்பா பாடினார், விநாடி முள் ஐந்து சுற்றுக்கு மேல் போனது. திருப்பிப் பாடுகிற அடிகளை வெட்டினேன். மூச்சு வாங்குகிற இடங்களை வெட்டினேன். அப்போதும் நாலு சுற்று.

"மூணாவத விட்டிருவம் மகள்" என்றார் அப்பா. "அது நிலாவும் நுரையும்தானே. சும்மா அலங்காரம்."

எனக்குக் கோபம் வந்தது. மூன்றாவதில்தான் அவர் குரல் மேலே ஏறும். நான் ஊருக்குள் நிமிர்ந்து நடந்ததே அந்த ஏற்றத்தால்தான். "உங்களுக்கு விசரா அப்பா? அத விட்டா பாட்டுல என்ன இருக்கு? அஞ்சாவத விடுங்க. கொழும்புல இருக்கிறவனுக்கு நம்மட ஊர்ப் பேரெல்லாம் என்னத்துக்கு?"

"பேர விடச் சொல்றியா?"

"பேர நீங்க இங்க பாடலாம்தானே. நீங்க எங்க ஓடிப் போறீங்க?"

அவர் கொஞ்ச நேரம் மணலில் விரலால் கீறிக்கொண்டிருந்தார். படித்த பிள்ளை சொல்கிறது, சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார். "சரி" என்றார். ஐந்தாவது இல்லாமல் பாடினார். முடிக்கும்போது முள் மூன்று சுற்றும் கொஞ்சமும் போயிருந்தது. நான் கை தட்டினேன்.

புத்தளம் வரை வண்டி, அங்கிருந்து ரயில். கொழும்பில் ஒரு வீட்டு அறை முழுக்கக் கம்பளி தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே வேர்த்துக் கொட்டியது. செருமக் கூடாது, காலை அசைக்கக் கூடாது, சிவப்பு விளக்கு எரிந்தால் பாட வேண்டும். அப்பா பாவம், பள்ளிக்கூடத்தில் அடி வாங்கப் போகிற பிள்ளை மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாடி முடித்தார். விளக்கு அணைந்தது. கம்பெனிக்காரன் சிகரெட் பற்றவைத்தான். அப்பா அப்படியே நின்று, யாரும் கேட்காமலே, ஐந்தாம் சரணத்தைத் தொடங்கிவிட்டார்.

"போதும் ஐயா, எடுத்தாச்சு" என்றான் அவன்.

"தெரியும் தம்பி. இது தட்டுக்கில்ல" என்று சொல்லிவிட்டு மீதியையும் பாடி முடித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

தட்டு வர ஐந்தாறு மாதம் ஆனது. முதலாளி வீட்டு வாசலில் பெட்டியை வைத்தார்கள். எங்கள் ஊரில் பாதிச் சனம் நடந்தே வந்துவிட்டது. அப்பாவுக்குத் தன் குரலைத் தெரியவில்லை. "ஆரு இது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது சரணம் வந்தபோதுதான் அவருக்குப் பிடிபட்டது, தலையைக் குனிந்துகொண்டார். நாலாவது முடிந்து ஊசி வெறுமனே கரகரத்தது. முன்வரிசையில் இருந்த மாமி, "இன்னும் இருக்கு, விடுங்க, விடுங்க" என்றாள். அப்பா சட்டென்று எழுந்து, தட்டு விட்ட இடத்திலிருந்து ஐந்தாவதைப் பாடினார். நாலு பெயரும் வந்தன. மாமி அழுது முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "குடுத்த சாவி போதாமப் போச்சு போல. பெட்டிக்கு மூச்சு முட்டிட்டு" என்றாள்.

சாவி தளர்ந்தால் பெட்டி பாதிப் பாட்டில் இழுத்து இழுத்து நின்றுபோவதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஆகவே அவளுக்கு அது புதிராக இல்லை. மகனின் பெயர் தட்டின் கடைசியில் பத்திரமாக இருக்கிறது, பெட்டிக்குத்தான் அதுவரை போக ஏலாது, அவ்வளவுதான். அன்றைக்கே நான் சொல்லியிருக்கலாம். மாமியிட சந்தோசத்தை ஏன் கெடுக்கணும் என்று எனக்கே ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டேன்.

உலக யுத்தம் வந்த வருஷம் அப்பாவின் தொண்டையில் கட்டி வந்தது. புத்தளம் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள். முதலில் கரகரப்பு, பிறகு கிசுகிசுப்பு. பிறகு வெறும் காற்று. வாழ்நாள் முழுக்கச் சத்தமாக இருந்த மனுசன் தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைத் தட்டினார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. கத்துவேன் அவர் மேல், எதற்கென்றே தெரியாமல்.

அந்த நாட்களில் அவர் பொழுதுக்கும் முதலாளி வீட்டிலேயே கிடந்தார். "போடுங்க" என்று கையைக் காட்டுவார். முதலாளியும் முகம் சுழிக்காமல் போடுவார். தட்டில் இருக்கிற அப்பா அவசரமாகப் பாடுவார். கதிரையில் இருக்கிற அப்பா உதட்டை அசைப்பார். தட்டு முடிந்து ஊசி கரகரக்கும்போது முதலாளி கையை நீட்டினால், அப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொள்வார். உதடு இன்னும் அசைந்துகொண்டிருக்கும். ஐந்தாவது முடிந்த பிறகுதான் கையை விடுவார். ஒரு நாள் கூட்டி வரப் போனபோது நான் அதைப் பார்த்தேன். ஊசி அந்த வெறும் வட்டத்தில் ஓடிக்கொண்டே இருந்தது, அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாயால் சொல்லிக்கொண்டிருந்தார். கதவடியில் நின்று அழுதேன். கண்ணைத் துடைத்துவிட்டு, "வாங்க, சோறு ஆறுது" என்று அதட்டிக் கூட்டிவந்தேன்.

ஆத்துமாக்கள் திருநாள் கிட்ட வந்தது. சேமக்காலைக்குப் பெட்டியைக் கொண்டுபோவோம் என்று சொன்னது மாமிதான். "அண்ணனுக்குக் கொரல் போனா என்ன? தட்டுக்குள்ள கிடக்குதானே" என்று பங்குச் சாமியாரிடம் போய் நின்று அனுமதி வாங்கினாள். முதலாளியிடம் நடந்து போய்க் கேட்டாள். கருவாட்டுக் கை தட்டில் படக்கூடாதென்று சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தாள். இதெல்லாவற்றையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் என்று நாளைக் கடத்தினேன்.

பூசை முடிந்தது. பூவரசின் கீழே ஒரு முக்காலியில் பெட்டி. நாலு வீட்டாரும் மெழுகுதிரியோடு நின்றார்கள். அப்பாவை ஒரு கதிரையில் இருத்தியிருந்தோம். சாவி கொடுக்கும் வேலை எனக்கு. ஊசியை வைத்தேன். வெளியில், காற்றில், அந்தக் குரல் மெலிந்து கேட்டது. நாலாவது முடிந்தது. கரகரப்பு.

"குடுத்த சாவி போதாது புள்ள. நல்லாக் குடு" என்றாள் மாமி.

கொடுத்தேன். முதலிலிருந்து போட்டேன். நாலாவது முடிந்து மறுபடி கரகரப்பு. மற்ற மூன்று வீட்டாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரு கிழவர் தங்கள் பிள்ளையின் பெயரைத் தானே சொல்லி மெழுகுதிரியைக் கொளுத்தினார். மற்ற இரண்டு வீட்டாரும் அப்படியே செய்தார்கள். மாமி கொளுத்தவில்லை. என்னைத் தள்ளிவிட்டுத் தானே சாவியைத் திருகினாள், இனித் திரும்பாது என்கிற மட்டும். மூன்றாம் தரம் பாட்டு ஓடி முடிந்தது. பெட்டி களைக்கவில்லை, தளரவில்லை. தட்டு நல்ல வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"அண்ணே, என்ட புள்ளையிட பேர் எங்க?"

அப்பா வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. காற்றுத்தான் வந்தது.

"கொழும்புல நீங்க அதப் பாடலையா?"

அப்பா இல்லை என்று தலையை ஆட்டினார்.

எனக்கு அந்தச் சரணம் தெரியும். இந்த நிமிஷம்கூடத் தெரியும். அங்கேயே பாடியிருக்கலாம். ஆனால் வாயைத் திறந்தால் பாட்டுக்கு முன்னால் உண்மை வந்துவிடும் என்று பயந்தேன். பயந்தாங்கொள்ளி நான். பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஆரு அத விடச் சொன்னது?" மாமியின் குரல் உயர்ந்தது. "சொல்லுங்க. ஆரு?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவளும் பார்த்திருப்பாள். வலது கையைத் தூக்கித் தன் நெஞ்சில் வைத்தார். இரண்டு தரம் தட்டிக் காட்டினார்.

மாமி அவரை நேராகப் பார்த்தாள். "கடல் எடுத்தது ஒருக்கா. நீங்க எடுத்தீங்க மத்த ஒருக்கா" என்றாள். கொளுத்தாத மெழுகுதிரியை மடியில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்து வந்த தபசு நோன்புக் காலம் முடியுமுன் அப்பா இறந்தார். ஊர் முழுக்க வந்தது. முதலாளியும் வந்து வேலிப் படலையடியில் நின்றார். மூன்று வீடு தள்ளியிருந்த மாமி வரவில்லை. சவம் அவள் வாசலைக் கடந்தபோது கதவைச் சாத்திக்கொண்டாள். அதை எல்லோரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

அதற்குப் பிறகு பல வருஷம் அவள் இருந்தாள். ஊருக்கு ஒரே நல்ல தண்ணீர்க் கிணறு. அங்கே ஒரு காலையில், நான் குடத்தைத் தூக்கத் திணறிக்கொண்டிருந்தபோது, அவள் வந்து ஒரு கை கொடுத்து என் இடுப்பில் ஏற்றிவிட்டாள். வெகுநாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் என்னோடு கதைத்தாள்.

"உன்னில எனக்கு ஒரு கோவமும் இல்ல புள்ள" என்றாள். "உங்கட அப்பா செஞ்சதுக்கு நீ என்ன செய்வாய்?"

"ஓம் மாமி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.